முப்பது வருட மழையை ஒரே கோப்பில் ஊதாமல் ஒட்டுவது

ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் என் பெரியப்பாவுக்கு நாலு ஏக்கர் காபித் தோட்டம். மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, நிழலில் அரபிகா. திண்ணைக்கு எதிரே ஒரு மழைமானி. தினமும் காலை எட்டரைக்கு அதை அளந்து, நீள நோட்டில் இன்ச், சென்ட் கணக்கில் எழுதிவிட்டுத்தான் டீ குடிப்பார். (காபித் தோட்டக்காரர்தான், குடிப்பது டீ.) எஸ்டேட் கணக்கில் நூறு சென்ட் ஒரு இன்ச். ஒரு சென்ட் என்பது 0.254 மில்லிமீட்டர். காபிச் செடியைப் பூக்க வைக்க மார்ச், ஏப்ரலில் வரும் பூ மழை எந்தத் தேதியில் எத்தனை சென்ட் பெய்தது என்பதுதான் அந்த நோட்டில் அவருக்கு முக்கியமான விஷயம். நடுவில் சில வருடங்களின் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. "கம்ப்யூட்டர்ல பழைய மழையெல்லாம் இருக்குதாமே கண்ணு, அந்த வருசங்களை மட்டும் எடுத்துக் குடு" என்றார்.

சரி என்று ஒத்துக்கொண்டேன். நான் இருப்பது மலையடிவாரத்தில், சேலம் கண்ணங்குறிச்சியில். என்னிடம் இருப்பது 256 ஜிபி டிஸ்க் உள்ள பழைய மடிக்கணினி. அதில் பாதி இடத்தை மகளின் டான்ஸ் வீடியோக்கள் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் முப்பது வருட மழையை ஒட்டப் போய், 1.6 ஜிபி இருந்த கோப்புகள் ஒரே இரவில் 6.5 ஜிபி ஆன கதையும், அதைத் திரும்ப எப்படிச் சுருக்கினேன் என்பதும்தான் கீழே வருவது. மேலே தோட்டத்தில் இருக்கும் தம்பிக்குப் போனிலேயே கட்டளைகளைச் சொல்லிப் பழகிவிட்டேன். இங்கேயும் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன், நீங்கள் திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்தது இஆர்ஏ5-லேண்ட் தரவு, அதாவது பழைய வானிலையைக் கணினி மாதிரி வைத்துத் திரும்பக் கணக்கிட்டு எழுதியது. இங்கிலாந்தின் ரெடிங்கில் உள்ள ஐரோப்பிய வானிலை மையம் தயாரித்து, கோபர்நிகஸ் திட்டம் வழியாக இலவசமாகத் தருவது. 1950 முதல் மணிக்கு மணி, 0.1 டிகிரி கட்டம், கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். ஆசை யாரை விட்டது? சேலத்துக்கு மட்டும் எடுக்காமல், அட்சரேகை 8 முதல் 14 வரை, தீர்க்கரேகை 76 முதல் 81 வரை பெரிய பெட்டியாகப் போட்டேன். 1991 முதல் 2020 வரை வருடத்துக்கு ஒன்றாக முப்பது கோப்புகள் வந்தன.

ஒட்டுவதற்கு முன்பு பேனாவை எடுத்து ஒரு பெருக்கல் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை, நீங்கள் போடுங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை, நேரங்களின் எண்ணிக்கை, ஒரு எண்ணுக்கு எத்தனை பைட், மூன்றையும் பெருக்கினால் அழுத்தாத கோப்பின் அளவு வந்துவிடும். என் பெட்டியில் 61 க்கு 51, அதாவது 3,111 புள்ளிகள். முப்பது வருடத்தில் எட்டு லீப் வருடங்கள், ஆக 10,958 நாட்கள். மணிக்கு மணி என்றால் 2,62,992 நேரங்கள். ஒரு எண்ணுக்கு 2 பைட் என்றால் 1.6 ஜிபி, 4 பைட் என்றால் 3.3 ஜிபி, 8 பைட் என்றால் 6.5 ஜிபி. என் கதை முழுவதும் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிட்டது.

இறங்கி வந்த கோப்புகளில் ஒவ்வொரு எண்ணும் 2 பைட் முழு எண்ணாக இருந்தது. 2024 செப்டம்பருக்கு முன்பு, கோபர்நிகஸின் பழைய தரவுக் கிடங்கு இருந்த காலத்தில் இறக்கிய நெட்சிடிஎஃப் கோப்புகள் (வானிலைத் தரவை வைக்கும் ஒரு கோப்பு வடிவம்) அப்படித்தான் இருக்கும். 2 பைட்டில் மைனஸ் 32,768 முதல் 32,767 வரைதான் எழுத முடியும். அதனால் உண்மையான மழை அளவை எழுதாமல், ஒரு பெருக்கும் எண்ணையும் ஒரு கூட்டும் எண்ணையும் கோப்பின் தலைப்பில் வைத்துவிட்டு, உள்ளே முழு எண்ணை மட்டும் எழுதியிருப்பார்கள். படிக்கும் மென்பொருள் பெருக்கிக் கூட்டி உண்மையான அளவைத் தரும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்தப் பெருக்கும் எண் ஒவ்வொரு கோப்புக்கும் வேறு. அந்தந்த வருடத்தின் அதிகபட்ச மழைக்குத் தகுந்தாற்போல் போட்டிருப்பார்கள். நம் ஊரில் ஒரு மூட்டையில் 5 என்று எழுதி வள்ளத்தால் அளந்திருக்கிறார்கள், அடுத்த மூட்டையிலும் 5 என்று எழுதிப் படியால் அளந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளை ஒன்றாகக் கொட்டினால் கணக்கு என்ன ஆகும்?

நான் கொட்டினேன். வானிலைக் கோப்புகளை வெட்டவும் ஒட்டவும் உதவும் சிடிஓ என்ற கருவி, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள மேக்ஸ் பிளாங்க் வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. கோப்புகளை நேர வரிசையில் ஒட்டும் கட்டளையான 'சிடிஓ மெர்ஜ்டைம்' என்று அடித்து உள்ளே வரும் கோப்புகள், வெளியே போகும் கோப்பு என்று கொடுத்தேன். முதல் கோப்பின் பெருக்கும் எண்ணையே எல்லா வருடத்துக்கும் வைத்துக்கொண்டு எழுதப் பார்த்தது. முதல் வருடத்தைவிடப் பெரிய மழை வந்த வருடத்தில் எண் 2 பைட்டுக்குள் அடங்கவில்லை. எல்லைக்கு வெளியே போகிறது, துல்லியத்தைக் கூட்டு, 'மைனஸ் பி எஃப்64' போடு என்று திரையில் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக அதையே போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். எஃப்64 என்றால் எண்ணுக்கு 8 பைட். காலையில் எழுந்து பார்த்தால் 6.5 ஜிபி. டிஸ்க் நிறைந்து, மகளின் ஆண்டு விழா வீடியோவைத் திறக்கக்கூட இடமில்லை. வீட்டில் நடந்த விசாரணையை இங்கே எழுதப் போவதில்லை.

இதிலிருந்து தெரிந்துகொண்டது இதுதான். உள்ளே போகும் கோப்புகள் அழுத்தியவை என்பதால் வெளியே வருவதும் அழுத்தியதாக வராது. ஒட்டும் கருவி எல்லாவற்றையும் விரித்துப் படித்து, புதிதாக ஒரு கோப்பை எழுதுகிறது. எந்த வடிவம், எத்தனை பைட், எந்த அழுத்தம் என்று எழுதும் நேரத்தில் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதற்குத் தோன்றியதைச் செய்யும்.

சொல்லும் விதம் இப்படி: 'சிடிஓ, மைனஸ் எஃப் என்சி4, மைனஸ் இசட் ஜிப் அடிக்கோடு 4, மைனஸ் பி எஃப்32, மெர்ஜ்டைம்', பிறகு உள்ளே போகும் கோப்புகள், கடைசியில் வெளியே வரும் கோப்பு. இந்த மைனஸ் சமாச்சாரங்கள் எல்லாம் மெர்ஜ்டைமுக்கு முன்பே வர வேண்டும். என்சி4 என்றது நெட்சிடிஎஃப் நான்காம் பதிப்பு. மூன்றாம் பதிப்பில் உள்ளுக்குள் அழுத்தும் வசதியே கிடையாது. ஜிப் 4 என்பது அழுத்தத்தின் நிலை, 1 முதல் 9 வரை போடலாம். எஃப்32 என்பது 4 பைட் தசம எண். அதில் சுமார் ஏழு இலக்கம் துல்லியம் கிடைக்கும். ஒரு சென்ட் மழையைத் தேடுகிறவனுக்கு ஏழு இலக்கமே தாராளம், எஃப்64 வீண் ஆடம்பரம். நிலை 9 போட்டால் இன்னும் சுருங்கும் என்று ஆசைப்படாதீர்கள். 4, 5 க்கு மேல் நேரம்தான் ஏறும், அளவு பேருக்குத்தான் குறையும்.

என்சிஓ என்ற இன்னொரு கருவித் தொகுப்பில் ஒட்டுவதற்கு என்சிஆர்கேட் என்று ஒன்று இருக்கிறது. வேகமானது. ஆனால் 2 பைட் கோப்புகளை அது விரிக்காமலே ஒட்டிவிடும். முதல் கோப்பின் பெருக்கும் எண்ணைத் தலைப்பில் வைத்துவிட்டு, மற்ற வருடங்களின் முழு எண்களை அப்படியே பின்னால் சேர்க்கும். எச்சரிக்கை ஒன்று ஓடும், ஆனால் வேலை நிற்காது. சிடிஓவாவது சண்டை போட்டது, இது புலம்பிக்கொண்டே தப்பான மழையை எழுதி வைத்துவிடும். அளவும் கச்சிதமாக 1.6 ஜிபி வரும் என்பதால் நமக்குச் சந்தேகமே வராது. வள்ளமும் படியும் கலந்த மூட்டை இதுதான். என்சிஆர்கேட்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு கோப்பையும் 'என்சிபிடிகியூ மைனஸ் பெரிய யு' என்று கொடுத்து முதலில் விரித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒட்டும்போது 'மைனஸ் 4, மைனஸ் பெரிய எல் 4' சேர்த்தால் அழுத்தி எழுதும்.

புதிய கிடங்கிலிருந்து இப்போது இறக்கினால் பெரும்பாலும் 4 பைட் எண்ணாக, ஏற்கெனவே அழுத்திய நான்காம் பதிப்புக் கோப்பாக வரும். அதில் நேரத்தின் பெயரும் 'டைம்' இல்லை, 'வேலிட் அடிக்கோடு டைம்'. பழையதையும் புதியதையும் கலந்து ஒட்டுகிறவர்கள் முதலில் பெயரைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரிய 'என்சிடம்ப் மைனஸ் எச்எஸ்' போட்டுப் பாருங்கள். தலைப்பு மட்டும் வரும். மழைக்கு எதிரே ஷார்ட் என்றால் 2 பைட், ஃப்ளோட் என்றால் 4, டபுள் என்றால் 8. ஸ்கேல் ஃபேக்டர், ஆட் ஆஃப்செட் என்று இரண்டு வரி இருந்தால் வள்ளம்–படி சமாச்சாரம் இருக்கிறது என்று அர்த்தம். டிஃப்லேட் லெவல் என்று வரி இருந்தால் அழுத்தியது. ஒட்டுவதற்கு முன்பு ஒரு தடவை, ஒட்டிய பிறகு ஒரு தடவை, அரை நிமிட வேலை.

இவ்வளவும் அழுத்தம் பற்றிய பேச்சு. உண்மையில் எனக்குப் பெரிய லாபம் வந்தது அழுத்தத்தில் இல்லை.

பெரியப்பா கேட்டது தினசரி மழை. நான் ஒட்டிக்கொண்டிருந்தது மணிக்கு மணி மழை. இஆர்ஏ5-லேண்டில் மழை ஒரு விசித்திரமான முறையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் அந்த மணியில் பெய்தது இல்லை, கிரீன்விச் நேரம் 0 மணியிலிருந்து அதுவரை பெய்த மொத்தம். அடுத்த நாள் 0 மணிக்கு எழுதியிருப்பது முந்தைய நாளின் முழு மழை. (சாதாரண இஆர்ஏ5 அப்படி இல்லை, அதில் அந்தந்த மணியின் மழைதான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) நம் நாட்டில் மழை நாள் என்பது காலை எட்டரைக்கு முடிகிறது. வானிலைத் துறையும் அப்படித்தான் அளக்கிறது, பெரியப்பாவும் அப்படித்தான் அளக்கிறார். எட்டரை என்பது கிரீன்விச்சில் சரியாக 3 மணி. ஆகவே எனக்கு ஒரு நாளில் 24 நேரங்கள் வேண்டாம், 0 மணியும் 3 மணியும் போதும். இன்று 0 மணி எண்ணில் நேற்று 3 மணி எண்ணைக் கழித்து, இன்று 3 மணி எண்ணைக் கூட்டினால், நேற்று எட்டரை முதல் இன்று எட்டரை வரை பெய்த மழை வந்துவிடும். தொடக்க நாளுக்கு மட்டும் 1990 டிசம்பர் 31 கொஞ்சம் தேவைப்படும்.

சிடிஓவில் 'செல்அவர், கமா, 0, கமா, 3' என்றால் அந்த இரண்டு நேரம் மட்டும் எடுக்கும். ஒரே வெட்டில் கோப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. கழித்துக் கூட்டித் தினசரியாக்கியதும் இருபத்து நாலில் ஒரு பங்கு. 3.3 ஜிபி, 136 எம்பி ஆனது. இன்னும் அழுத்தத்தைத் தொடவே இல்லை.

அப்புறம் பெட்டி. தென்னிந்தியா எனக்கு எதற்கு? சேலமும் சேர்வராயன் மலையும் போதும். அட்சம் 11 முதல் 12.5, தீர்க்கம் 77.5 முதல் 79. 16 க்கு 16, மொத்தம் 256 புள்ளி. 'செல்லான்லாட்பாக்ஸ்' என்ற கட்டளைக்குத் தீர்க்கரேகை இரண்டும் முதலில், அட்சரேகை இரண்டும் பின்னால் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். 10,958 நாள், 256 புள்ளி, 4 பைட். 11.2 எம்பி. அழுத்தாமலே மின்னஞ்சலில் போய்விடும் அளவு.

வெட்டுவதை ஒட்டுவதற்கு முன்பே செய்யுங்கள் என்பது என் பிடிவாதம். பலர் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுகிறார்கள். நடுவில் அந்தப் பெரிய கோப்பு டிஸ்க்கில் உட்கார இடம் வேண்டுமே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிடிஓவில் இரண்டையும் ஒரே வரியில் கோர்க்கலாம்: மெர்ஜ்டைமுக்குப் பின்னால் 'மைனஸ் அப்ளை, கமா, மைனஸ் செல்லான்லாட்பாக்ஸ்' என்று எல்லையோடு எழுதி, சதுர அடைப்புக்குள் கோப்புகளைக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் வெட்டி வெட்டி ஒட்டும், நடுவில் எதுவும் டிஸ்க்குக்கு வராது. சதுர அடைப்புக்கு இரு பக்கமும் இடைவெளி விட மறக்காதீர்கள். தம்பி மூன்று தடவை போன் செய்தது இந்த இடைவெளிக்காகத்தான்.

நாளுக்கு ஒரு கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெர்ஜ்டைம் எல்லாக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாக 1,024 கோப்புதான் எல்லை. பத்தாயிரம் கொடுத்தால் படுத்துவிடும். வருடவாரியாக முதலில் ஒட்டி, பிறகு வருடங்களை ஒட்டுங்கள்.

இனி சின்னப் பெட்டிக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம். நான் மாட்டினேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வெட்டி முடித்த பிறகு, ஆசைக்கு மணிக்கு மணிக் கோப்பு ஒன்றும் சேலம் பெட்டிக்கு மட்டும் செய்து பார்த்தேன். 269 எம்பி அழுத்தாமல். ஜிப் போட்டும் எதிர்பார்த்த அளவு சுருங்கவில்லை. அதைவிட மோசம், ஒரு புள்ளியின் முப்பது வருடத்தைக் கேட்டால் நெடுநேரம் யோசித்தது.

காரணம் துண்டுகள். நான்காம் பதிப்புக் கோப்பு முழுவதையும் ஒரே மூட்டையாக அழுத்தாது. சிறு சிறு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக அழுத்தி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு முகவரிப் பட்டியலும் வைத்துக்கொள்ளும். நம் ஊர் மாம்பழப் பெட்டி மாதிரி. ஒரு பழம் வேண்டும் என்றாலும் பெட்டி முழுவதையும் பிரித்தாக வேண்டும். நேரம் நீண்டுகொண்டே போகலாம் என்ற வகையில் எழுதிய கோப்பில், சொல்லாமல் விட்டால் துண்டு ஒரு நேரத்துக்கு ஒன்றாக அமைந்துவிடும். பெரிய பெட்டிக்கு அது பரவாயில்லை. 16 க்கு 16 பெட்டிக்கு ஒரு துண்டு வெறும் 1,024 பைட். அப்படி 2,62,992 துண்டுகள்! ஒரு பெட்டியில் ஒரே ஒரு மாம்பழம் வைத்து, வைக்கோல் சுற்றி, ஆணி அடித்து, முகவரி எழுதினால் லாரியில் பழம் ஏறுமா, பலகை ஏறுமா?

இதற்கு மருந்து என்சிகாப்பி. 'என்சிகாப்பி மைனஸ் யு, மைனஸ் டி 4, மைனஸ் எஸ், மைனஸ் சி', அதன் பின்னால் 'டைம் சாய்கோடு 720, கமா, லாட்டிட்யூட் சாய்கோடு 16, கமா, லாங்கிட்யூட் சாய்கோடு 16'. மைனஸ் யு நேரத்தின் நீளத்தை நிரந்தரமாக்கும். மைனஸ் சி துண்டின் அளவு: முப்பது நாள் மணிகள் ஒரு பெட்டியில், 256 புள்ளியும் சேர்ந்து, சுமார் 0.7 எம்பி. துண்டுகள் இரண்டரை லட்சத்திலிருந்து 366 ஆகிவிடும். முன்பைவிட நன்றாகச் சுருங்கும், ஒரு புள்ளியைக் கேட்டாலும் சட்டென்று வரும். வரைபடம் போடுகிறவர்கள் நேரத்தைக் குறைத்து இடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எதை அடிக்கடி கேட்பீர்களோ அதற்குத் தகுந்தபடி பெட்டி கட்டுவதுதான் முறை.

மைனஸ் எஸ் என்பது ஷஃபிள். ஐந்து ரோடு பக்கம் தட்டு வடை செட் விற்பவரிடம் நூறு செட்டைக் கட்டித் தரச் சொன்னால், செய்த செட்டை அப்படியே அடுக்க மாட்டார். தட்டையைத் தனியாக அடுக்குவார், கேரட்–பீட்ரூட் துருவல் தனி, சட்னி தனி. அப்போதுதான் இடம் அடைக்காது. ஷஃபிளும் அதேதான். எல்லா எண்களின் முதல் பைட்டையும் ஒரு பக்கம், இரண்டாவது பைட்டை ஒரு பக்கம் என்று அடுக்கிவிட்டு அழுத்தும். பக்கத்துப் பக்கத்து எண்களின் முதல் பைட்டுகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் நன்றாக அமுங்கும். தரவில் ஒரு புள்ளிகூடக் குறையாது.

குறைத்தாலும் பரவாயில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 4 பைட் எண்ணின் கடைசி இலக்கங்கள் வெறும் சத்தம். 0.0034127 மீட்டர் மழை என்று கோப்பு சொல்கிறது (மீட்டரில்தான் சொல்லும், ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்). கடைசி 27 க்கு எந்த மழைமானியும் சாட்சி சொல்லாது, ஆனால் அழுத்தும்போது அதுதான் முரண்டு பிடிக்கும். என்சிஓவின் 'என்சிகேஎஸ்' கட்டளையில் 'மைனஸ் மைனஸ் பிபிசி' என்று மழையின் பெயரும் 3 ம் கொடுத்தால், மூன்று இலக்கம் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒழுங்குபடுத்தும், அப்புறம் அழுத்தம் நன்றாகவே பிடிக்கும். ஆனால் இதைக் கழித்தல் கூட்டல் எல்லாம் முடித்த பிறகு செய்ய வேண்டும். முதலிலேயே இலக்கத்தை வெட்டிவிட்டு 0 மணியில் 3 மணியைக் கழித்தால் பிழை பெரிதாகும், பெய்யாத நாளில் பெய்ததாகக்கூட வரும். 2 பைட் கோப்பிலும் இந்தத் தொல்லை உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே துளியூண்டு மைனஸ் மழை தெரிந்தால் பயப்படாதீர்கள், அது பெருக்கிக் கூட்டியதில் வந்த தூசு.

மலைக்கு அனுப்பும் கடைசிப் பிரதிக்கு மட்டும் நான் 2 பைட்டுக்குத் திரும்பிப் போவேன். ஒட்டி முடித்த கோப்புக்கு முப்பது வருடத்துக்கும் பொதுவாக ஒரே பெருக்கும் எண். அதிகபட்ச மழை அரை மீட்டர் என்று வைத்தால்கூட ஒரு படி 0.0076 மில்லிமீட்டர்தான் வரும், சென்ட்டில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் இந்தப் பிரதியோடு மறுபடி எதையும் ஒட்டுவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

தம்பியின் சாதனையையும் எழுதிவிடுகிறேன். ஒருநாள் அவன், "அக்கா, ஜிஇசட் கோப்பையெல்லாம் பிரிக்காமலே ஒட்டிட்டேன், அளவு கூடவே இல்ல" என்றான். 'கேட்' கட்டளையால் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்திருக்கிறான். ஜிஇசட் என்ற அழுத்த வடிவம் அதற்கு மறுப்புச் சொல்லாது, பிரித்தால் எல்லாம் வரிசையாக வெளியே வரும். ஆனால் உள்ளே இருந்தது நெட்சிடிஎஃப். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு. படிக்கும் கருவி முதல் தலைப்பைப் பார்த்து முதல் வருடத்தை மட்டும் படித்தது. கோப்பு பெரியது, மழை ஒரே ஒரு வருடம்.

அதே 'கேட்' ஓரிடத்தில் அழகாக வேலை செய்யும். இந்திய வானிலைத் துறை தரும் 0.25 டிகிரி தினசரி மழை, 1901 முதல் இருக்கிறது. அதை ஜிஆர்டி என்ற இருமக் கோப்பாக எடுத்தால் தலைப்பே கிடையாது, 135 க்கு 129 என்று வெறும் 4 பைட் எண்கள். வருட வரிசையில் கேட் போட்டால் சரியாக ஒட்டிக்கொள்ளும். சாதாரண வருடம் 2,54,25,900 பைட், லீப் வருடம் 2,54,95,560 பைட். இந்த இரண்டில் ஒன்றாக இல்லாவிட்டால் இறக்கம் பாதியில் நின்றிருக்கிறது, ஒட்டாதீர்கள். கடலுக்கும் அயல்நாட்டுக்கும் மைனஸ் 999 என்று நிரப்பியிருப்பார்கள், கட்டத்தில் பாதிக்கு மேல் அதுதான். அதனால் நெட்சிடிஎஃப் நான்காக மாற்றி அழுத்தினால் பஞ்சு மிட்டாய் போலச் சுருங்கிவிடும்.

பைத்தானில் எக்ஸ்அரே என்ற நிரல் நூலகத்தை வைத்து ஒட்டுகிறவர்களுக்கும் அதே வள்ளம்–படி எச்சரிக்கை. பல கோப்புகளைச் சேர்த்துத் திறந்தாலும், முதல் கோப்பின் பெருக்கும் எண்ணை அது நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். அப்படியே சேமித்தால் அதே அளவுகோலில் 2 பைட்டாக எழுதும், எல்லை தாண்டிய எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் வந்துவிடும். 'ட்ராப் அடிக்கோடு என்கோடிங்' செய்து அந்த நினைவை அழித்துவிட்டு, சேமிக்கும்போது என்கோடிங்கில் ஃப்ளோட்32, இசட்லிப் ட்ரூ, காம்ப்லெவல் 4 என்று நீங்களே சொல்லுங்கள். அழித்துவிட்டுச் சொல்லாமல் விட்டால் அழுத்தமே இருக்காது.

ஒட்டி முடித்ததும் மூலக் கோப்புகளை அழிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். 'சிடிஓ என்டைம்' போட்டு நேரங்களை எண்ணுங்கள், பேனாவில் வந்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் இரண்டு கோப்புகளில் ஒரே நாள் இருக்கிறது. 'ஸ்கிப் அடிக்கோடு சேம் அடிக்கோடு டைம்' என்ற சூழல் மாறியைப் பெரிய எழுத்தில் 1 என்று வைத்துவிட்டு மறுபடி ஒட்டினால் இரட்டையை விட்டுவிடும். பிறகு ஏதாவது நடு வருடத்தை 'செல்இயர்' மூலம் எடுத்து, 'டிஃப்என்' கொடுத்து அந்த வருடத்தின் மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். முதல் வருடத்தை ஒப்பிட்டுப் பயனில்லை, என்சிஆர்கேட் தவறிலும் முதல் வருடம் சரியாகத்தான் இருக்கும். நான் நல்ல மழை பெய்த 2005 ஐ எடுப்பேன்.

பெரியப்பாவுக்கு எம்பி, ஜிபி எல்லாம் வேண்டாம். கரையான் தின்ற வருடங்களின் மார்ச், ஏப்ரலை மட்டும் நாகலூர் கட்டத்திலிருந்து எடுத்து, மில்லிமீட்டரை 0.254 ஆல் வகுத்துச் சென்ட்டாக்கி, இரண்டு தாளில் அச்சடித்துக் கொண்டுபோனேன். நோட்டில் பக்கம் மிஞ்சியிருந்த ஒரு வருடத்தையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதி தேதியாகப் பார்த்தார். தேதிகள் ஏறத்தாழ பொருந்தின, அளவு பொருந்தவில்லை. ஒன்பது கிலோமீட்டர் கட்டம் 1,500 மீட்டர் மேட்டையும் அதன் சரிவையும் சேர்த்துச் சராசரி போட்டு வைத்திருக்கிறது என்று விளக்கினேன்.

"அப்ப இது பாதி எங்க மழை, பாதி உங்க மழை" என்றவர், தாள்களை நோட்டுக்குள் வைத்துவிட்டு, தேதிகளை மட்டும் பென்சிலால் காலிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.